மணக்கும் புகையும் மடிக் குழந்தையும்



இவ்வாண்டு மலருக்கு உடல்நலம் குறித்து ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டபோது, சர்க்கரை நோயைப் பற்றி எழுதலாமா, இரத்தக் கொதிப்பைப் பற்றி எழுதலாமா என்று முதலில் எண்ணினேன். அவற்றைப் பற்றி எழுத டாக்டர்கள் பலர் இருக்கிறார்கள். அடியாள் மலாக்கா மாநிலத்தின் தாய் சேய் நல மருந்தகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டத்து மக்களுக்கு இன்றும் நான் 'மிஸ்ஸி'தான். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைகளுக்காகப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று கருதி, வேப் எனப்படும் மின்சிகரெட்டைப் பற்றியும், அதிலுள்ள நிக்கோட்டின் கைக்குழந்தையை எப்படிப்போய்ச் சேருகிறது என்பது பற்றியும் எழுத முன்வந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகும் பிள்ளை பெற்ற வீடுகளுக்குச் சென்று வரும் பழக்கத்தை நான் விடவில்லை. அங்கே இளந்தந்தைமார் என்னிடம் பெருமையோடு சொல்லும் செய்தி ஒன்று உண்டு. "சிகரெட்டை விட்டுட்டேன் மிஸ்ஸி. பிள்ளை பொறந்த அன்னைக்கே நிப்பாட்டிட்டேன். இப்ப வேப் மட்டுந்தான். அதுல புகையே இல்ல, வெறும் தண்ணி ஆவிதான்." இப்படிச் சொல்பவர் பொறுப்பில்லாதவர் அல்லர். தம் பிள்ளைமேல் உள்ள பாசத்தினால்தான் அவர் பழைய பழக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கிறார். அதனாலேயே வீட்டில் யாரும் அவரைத் தடுப்பதில்லை. சிகரெட்டைப் பற்ற வைத்தால் "வெளியே போடா" என்று விரட்டுகிற பாட்டிகூட, மாம்பழ வாசமும் திராட்சை வாசமும் வீசும் வேப்பைக் கண்டு பேசாமல் இருந்துவிடுகிறார். நாற்றம் இல்லை என்றால் ஆபத்தும் இல்லை என்று மூக்கு சொல்கிறது. மூக்கின் பேச்சை இந்த விஷயத்தில் நம்புவதற்கில்லை.

வேப் கருவியை உருவாக்கியவர் ஹோன் லிக் என்ற சீன நாட்டு மருந்தாளர். ஆண்டு 2003. அவரும் புகைப்பவர், அவருடைய தந்தையார் நுரையீரல் புற்றுநோயால் மாண்டவர். நல்ல எண்ணத்தில் தொடங்கியதுதான். புகையிலையைக் கொளுத்தாமல், நிக்கோட்டின் கலந்த திரவத்தை மின்கலத்தின் சூட்டில் ஆவியாக்கி உறிஞ்சும் ஏற்பாடு அது. அந்த ஆவியில் இருப்பது தண்ணீர் அன்று. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் என்ற இரண்டு பசையான திரவங்கள், வாசனைக்கான இரசாயனங்கள், பெரும்பாலானவற்றில் நிக்கோட்டின், சூடேறும் கம்பிச் சுருளிலிருந்து வரும் நிக்கல், ஈயம் போன்ற உலோகத் துணுக்குகள் ஆகியவை மிக நுண்ணிய துளிகளாக மிதக்கின்றன. சூடு மிகுந்தால் ஃபார்மால்டிஹைடும் உண்டாகிறது.

சிகரெட்டைவிட இது தீங்கு குறைந்தது என்று சொல்வோர் பொய் சொல்லவில்லை. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2015இல் வெளியிட்ட அறிக்கை, வேப் சிகரெட்டைவிட ஏறக்குறைய 95 விழுக்காடு தீங்கு குறைந்தது என்றே மதிப்பிட்டது. அந்த எண்ணை வேப் கடைக்காரர்கள் நன்றாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு யாருக்காகப் போடப்பட்டது? பல ஆண்டுகளாகச் சிகரெட் புகைத்து, அதை அடியோடு விட்டு வேப்புக்கு மாறுகிற பெரியவருக்காக. தொட்டிலில் இருக்கும் பிள்ளை எந்தச் சிகரெட்டிலிருந்து மாறப் போகிறது? அதற்கு நிக்கோட்டின் எவ்வளவு வந்தாலும் அத்தனையும் புதிதாக வந்ததுதான்.

நிக்கோட்டின் என்பது என்ன? புகையிலைச் செடி தன்னைப் பூச்சிகளிடமிருந்து காத்துக்கொள்ளத் தனக்குள்ளே தயாரித்துக்கொள்ளும் நஞ்சு அது. 1560ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு அரசவைக்குப் புகையிலையை அனுப்பிவைத்த ஷான் நிக்கோ என்ற தூதரின் பெயரால் அது வழங்குகிறது. நம் பெரியவர்களுக்கு இந்த இரசாயனப் பெயர் தெரியாவிட்டாலும் அதன் குணம் தெரியும். புகையிலையை ஊறவைத்துக் காய்ச்சி, சவர்க்காரம் கரைத்து, அவரைப் பந்தலில் அசுவினிப் பூச்சிக்கு அடித்த கைகள் நம்முடையவை. அதே நிக்கோட்டினிலிருந்து தொழிற்சாலைகளில் பூச்சிக்கொல்லி செய்து விற்ற காலமும் இருந்தது. பச்சைப் புகையிலையை வெறுங்கையால் அறுவடை செய்யும் தொழிலாளர்களுக்கு வாந்தியும் மயக்கமும் வருவதுண்டு. தோல் வழியாகவே நிக்கோட்டின் உடலுக்குள் ஏறிவிடுவதுதான் அதற்குக் காரணம். இந்தத் தோல் விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்; பின்னால் தேவைப்படும்.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போது தாய் உட்கொள்ளும் நிக்கோட்டின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகிறது. மூளையும் நுரையீரலும் உருவாகும் வேளையில் அவற்றைக் கெடுக்கிறது. பிறந்த பிறகு தாய்ப்பால் வழியாகச் செல்கிறது. தாயின் இரத்தத்தில் உள்ளதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நிக்கோட்டின் அவளுடைய பாலில் சேருகிறது என்று கண்டிருக்கிறார்கள். பெரியவர் உடலில் நிக்கோட்டினின் அளவு பாதியாகக் குறைய இரண்டு மணி நேரம் போதும். பிறந்த குழந்தைக்கு அதற்குப் பதினொரு மணி நேரம் ஆகிறது. ஒரு வேளைப் பாலில் வந்தது கழிவதற்குள் அடுத்த வேளை, அதற்கும் அடுத்த வேளை என்று சேர்ந்துகொண்டே போகும். காரணமில்லாமல் அழுதுகொண்டு, தூங்காமல் சிணுங்கும் பிள்ளைக்குக் கண்திருஷ்டி கழிப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. கழித்த பிறகு வீட்டில் யார் புகைக்கிறார்கள் என்றும் ஒரு தடவை பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் பால் கொடுப்பதை நிறுத்திவிடக் கூடாது. வேப் பழக்கத்தை உடனே விட முடியாத தாய்க்கும் மருத்துவர்கள் சொல்லும் அறிவுரை பால் கொடுக்க வேண்டும் என்பதுதான். பால் கொடுப்பதற்கு முன் புகைக்காமல், கொடுத்து முடித்த பிறகு, பிள்ளையை விட்டு விலகிப்போய்ப் புகைத்தால் அடுத்த வேளைக்குள் பாலில் அளவு குறையும். விட்டுவிடுவதே மேல், விட முடியவில்லை என்பதற்காகப் புட்டிப்பாலுக்கு மாறுவது அதற்கு மருந்தாகாது.

அடுத்தது காற்று. பெரியவர் நிமிடத்திற்குப் பன்னிரண்டு முதல் இருபது தடவை மூச்சு விடுகிறார். பிறந்த குழந்தை முப்பது முதல் அறுபது தடவை. ஆகவே ஒரே அறையில் இருவரும் இருந்தால், உடல் எடைக்குப் பிள்ளைதான் அந்த அறையின் காற்றை அதிகம் வாங்குகிறது. வேப் புகைப்பவரோடு ஒரே வீட்டில் வாழும், தாம் புகைக்காத பெரியவர்களின் எச்சிலைச் சோதித்தபோது, நிக்கோட்டின் உடலில் சிதைந்து உண்டாகும் கோட்டினின் என்ற பொருள் அதில் இருந்ததை, பார்சலோனாவில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. வெறும் தண்ணீர் ஆவி என்றால் அது எப்படி வந்தது?

நம்முடைய வீடுகள் மாறிவிட்டதையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். புக்கிட் அசகான், கெமுனிங் போன்ற தோட்டங்களின் லயங்களில் நம் தாத்தாமார் சுருட்டுப் பிடித்தது திறந்த அஞ்சடியில். நாலு பக்கமும் காற்று. பால்மரக் காட்டின் ஈரக் காற்று புகையை அள்ளிக்கொண்டு போய்விடும். பிள்ளைகளோ பகலெல்லாம் ஆயாக் கொட்டகையில் தூளிகளில் வரிசையாகக் கிடப்பார்கள். அந்தக் காலம் நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. ஆயாக் கொட்டகையில் சொறியும் சிரங்கும் வயிற்றுப்போக்கும் எப்படிப் பரவின என்பதை மறக்க முடியாது. வெற்றிலையும் புகையிலையும் மென்ற வாயோடு ஆயா பிள்ளையின் கன்னத்தில் முத்தமிட்டதும் உண்டு. ஆனால் இன்று நாம் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் வாழ்கிறோம். பிள்ளை இருக்கும் அறையில் ஏர்கான். சன்னல் திறப்பதே இல்லை. அதைவிடச் சிறிய அறை ஒன்று உண்டு, அதுதான் கார். ஆயர் குரோவிலிருந்து மாமியார் வீட்டுக்குப் போகும் வழியில், முன் இருக்கையில் ஒருவர் வேப்பை இழுக்க, பின் இருக்கையில் பிள்ளை தூங்கிக்கொண்டு வருவதை நான் ஒரு தடவை அல்ல, பல தடவை பார்த்திருக்கிறேன். கண்ணாடியை இரண்டு அங்குலம் இறக்கிவிட்டால் போதும் என்பது அவர்கள் எண்ணம். போதாது.

சாம்பிராணியைப் பற்றி ஒரு வார்த்தை. "வேப்பைச் சொல்கிறீர்களே, பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றிச் சாம்பிராணி காட்டுகிறோமே, அதுவும் புகைதானே?" என்று பட்டப் படிப்பு படித்த மருமகள் ஒருத்தி என்னை மடக்கினாள். கேள்வி நியாயமானது. நம் நீரிணைக்கு அக்கரையில் உள்ள சுமத்திராவிலிருந்து வரும் மரப்பிசின் அது. அதில் நிக்கோட்டின் கிடையாது. ஆனால் எந்தப் புகையும் பிள்ளையின் நுரையீரலுக்கு நல்லதன்று. தலைமுடியைத் துண்டால் துவட்டிக் காயவைத்து, தூபத்தைச் சாமிப் படத்துக்குக் காட்டிவிட்டுப் பிள்ளையைத் தள்ளி வைப்பதில் சம்பிரதாயம் ஒன்றும் குறைந்துபோகாது. அப்படித்தான் அவளுக்கும் சொன்னேன். மாமியாருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சரி, வெளியே போய்ப் புகைத்துவிட்டு வந்தால்? உள்ளே புகைப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனாலும் நிக்கோட்டின் ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. சட்டையில், தாடியில், விரல்களில் படிகிறது. உள்ளே புகைக்கும் வீட்டில் சோபா உறையிலும் திரைச்சீலையிலும் தொட்டில் துணியிலும் படிகிறது. அப்படிப் படிந்த நிக்கோட்டின், அடுப்பு எரிவாயுவிலிருந்தும் வண்டிப் புகையிலிருந்தும் வரும் நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய நைட்ரசமின் என்ற பொருள்களாக மாறுகிறது என்பதை, அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தினர் 2010இல் வெளிப்படுத்தினர். தவழும் பிள்ளையின் உலகம் தரைதான். தரையைத் தொட்ட கை வாய்க்குப் போகிறது. அப்பாவின் சட்டையைச் சப்புகிறது. எனவே புகைத்துவிட்டு வருபவர் கையையும் முகத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும். காவல் தெய்வத்துக்குச் சுருட்டுப் படைக்கும் வழக்கமுள்ள கோயில்களிலும், படையல் முடிந்த கையோடு பிள்ளையை வாங்கிக்கொள்பவர் இதைச் செய்தால் நல்லது.

இதுவரை சொன்னவை மெல்ல மெல்லச் சேரும் கேடுகள். சில நிமிடங்களில் உயிரைக் கொண்டுபோகக்கூடியது ஒன்று இருக்கிறது. அது வேப் திரவம் அடங்கிய சிறு பாட்டில்.

கணக்கைப் பாருங்கள். ஒரு சிகரெட்டில் உள்ள புகையிலையில் ஏறக்குறைய 10 மில்லிகிராம் நிக்கோட்டின் இருக்கிறது. புகைப்பவர் உடலில் சேருவது அதில் ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். பாட்டிலில் 3 விழுக்காடு என்று போட்டிருந்தால் ஒரு மில்லி லிட்டரில் 30 மில்லிகிராம். 10 மில்லி லிட்டர் பாட்டிலில் 300 மில்லிகிராம். அதாவது முப்பது சிகரெட்டில் உள்ள நிக்கோட்டின் ஒரு கட்டை விரல் அளவு பாட்டிலுக்குள் இருக்கிறது. ஒரு வயதுப் பிள்ளையின் எடை பத்துக் கிலோ அளவில் இருக்கும். ஒரு தேக்கரண்டிக்கும் குறைந்த அளவே அப்படிப்பட்ட பிள்ளையைக் கொல்லப் போதுமானது என்று குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். மேலே சட்டையில் கொட்டினாலும் தோல் வழியாக ஏறும். அதற்கு வாசமோ மிட்டாய் வாசம். பாட்டிலில் பழப் படம். ஒரு தடவை பயன்படுத்தி எறியும் வேப்களோ இளஞ்சிவப்பும் நீலமுமாக விளையாட்டுச் சாமான்போல இருக்கின்றன. ஒரு வயதுப் பிள்ளை கையில் கிடைத்ததை என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஃபோர்ட் பிளெய்ன் என்ற சிற்றூரில் 2014 டிசம்பரில் ஒரு வயது ஆண் குழந்தை ஒன்று இப்படித்தான் இறந்தது. வீட்டில் இருந்த நிக்கோட்டின் திரவம் வாய்க்குள் போய்விட்டது. அதன் பிறகு 2016 ஜனவரியில் அந்நாட்டில் ஒரு சட்டம் வந்தது: நிக்கோட்டின் திரவப் பாட்டில்களுக்குச் சிறு பிள்ளைகளால் திறக்க முடியாத மூடி போட வேண்டும். ஒரு மூடிக்கு ஓர் உயிர் விலையாயிற்று.

நம் நாட்டில் நிக்கோட்டின் திரவம் 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருந்து வந்தது. 2023 மார்ச் 31ஆம் தேதி அது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, மறுநாள் முதல் மில்லி லிட்டருக்கு 40 சென் வரி விதிக்கப்பட்டது. புதிய கட்டுப்பாட்டுச் சட்டமோ 2024 அக்டோபர் 1ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது. இடையில் கடந்த பதினெட்டு மாதங்களில், பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு வேப் விற்பதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் போயிற்று. அதற்கு முன்பே, 2022இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 14.9 விழுக்காட்டினர் வேப் புகைப்பதாகக் கண்டது. 2017இல் அது 9.8 விழுக்காடு. பள்ளிப் பிள்ளையின் கதை கைக்குழந்தைக் கட்டுரையில் எதற்கு என்று கேட்கலாம். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போன வீட்டில் தம்பியைத் தூக்கி வைத்திருப்பது அந்த அண்ணன்தானே? அவன் ஒளித்து வைக்கும் இடம் தலையணைக்கு அடியிலும் தொட்டிலுக்குக் கீழேயும்தான்.

பக்கத்து மாநிலமான ஜொகூர் 2016 முதல் வேப் விற்பனையைத் தடுத்துவிட்டது. சிங்கப்பூரில் 2018 முதல் வேப் வைத்திருப்பதே குற்றம். அங்கே வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் வாரத்தில் ஐந்தாறு நாள் வேப் இல்லாமலேயே சமாளித்துவிட்டு, மலாக்காவுக்கு வந்து இறங்கியதும் தேடுகிறார்கள். முடியும் என்பதற்கு அவர்களே சாட்சி. நம்முடைய சட்டம் உணவுக் கடை மேசையைக் காக்கிறது; கோயிலைக் காக்கிறது. செங் சன்னாசிமலையில் மாசிமகத்துக்குக் கூடும் கூட்டத்தில் பிள்ளையை ஒரு தோளில் சாய்த்துக்கொண்டு மறு கையால் வேப்பை இழுப்பவரைத் தொண்டர்கள் தடுக்கலாம். வீட்டுக் கூடத்துக்குள் எந்த அதிகாரியும் வர மாட்டார். தடை வந்தாலும் வராவிட்டாலும், அலமாரியில் ஏற்கெனவே இருக்கும் பாட்டிலுக்கு வீட்டாரே காவல்.

பிள்ளை வேப் திரவத்தை வாயில் வைத்துவிட்டது என்று தெரிந்தால், அல்லது சந்தேகப்பட்டாலும், காத்திருக்க வேண்டா. வாந்தி, வாயில் எச்சில் ஒழுகுதல், முகம் வெளுத்தல், வியர்வை, படபடப்பு ஆகியவை சில நிமிடங்களிலேயே தோன்றலாம். பிறகு வலிப்பும் மூச்சுத் திணறலும் வரலாம். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. விஷத்தை முறிக்கும் என்று இளநீர், மோர், புளித்தண்ணீர் கொடுத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தக் கூடாது. வாயைத் துடைத்துவிட்டு, மேலே சிந்தியிருந்தால் உடுப்பைக் கழற்றித் தோலை ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, அந்தப் பாட்டிலையோ கருவியையோ கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மலாக்கா, ஜாசின், அலோர் காஜா மூன்று இடத்திலும் அரசாங்க மருத்துவமனை இருக்கிறது. வலிப்போ மூச்சுத் திணறலோ இருந்தால் 999. பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தின் எண் 1-800-88-8099. அதைக் குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டி வையுங்கள்.

விட வேண்டும் என்று நினைப்பவருக்கு அரசாங்கச் சுகாதார மருந்தகங்களில் புகைப்பழக்கத்தை நிறுத்தும் பிரிவு உண்டு. வேப் பழக்கத்துக்கும் அங்கே போகலாம். ஜோம் குவிட் என்ற சுகாதார அமைச்சின் சேவையில் பதிந்துகொள்ளலாம். கணவனை மனைவி திட்டி அனுப்புவதைவிட, பிள்ளையின் தடுப்பூசிக்குப் போகும் நாளிலேயே அவரையும் கூட்டிக்கொண்டு போவது பலன் தருவதை என் வேலைக் காலத்தில் கண்டிருக்கிறேன். அங்கே ஆலோசனை சொல்வார்கள். தேவைப்பட்டால் நிக்கோட்டின் கலந்த மெல்லும் கோந்தோ, தோலில் ஒட்டும் பட்டையோ கொடுப்பார்கள். அவையும் பிள்ளைக்கு எட்டாத, பூட்டிய அலமாரியில்தான் இருக்க வேண்டும். கழற்றிய பட்டையிலும் நிக்கோட்டின் மீதி இருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போட்டுவிடுங்கள்.